நூற்றுக்கு ஏழே கால்

மலைமேல் இருக்கிற அந்தப் பயிற்சி மையத்தில், பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு முதல் நாளே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். உஸ்தாத். ஆசான் என்று பொருள். துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருகிறவரும் உஸ்தாத்தான், அறுந்த பொத்தானைத் தைக்கச் சொல்லித் தருகிறவரும் உஸ்தாத்தான்.

காளிராஜின் உஸ்தாத் பெயர் ஹவில்தார் தேவசகாயம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வயது முப்பத்தெட்டு. ஆள் குட்டை. ஆனால் மைதானத்தின் இந்த மூலையில் நின்று அவர் 'சாவ்தான்' என்று குரல் கொடுத்தால் அந்த மூலையில் மேய்கிற குதிரைகூட விறைப்பாக நிற்கும் என்று பையன்கள் சொல்வார்கள். குதிரை நின்றதோ இல்லையோ, பையன்கள் நின்றார்கள்.

மற்ற உஸ்தாத்கள் ஓட்டத்தில் முன்னால் ஓடுவார்கள். இவர் கடைசிப் பையனுக்கும் பின்னால் ஓடுவார். திட்ட மாட்டார், தள்ள மாட்டார். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் அந்தக் கடைசிப் பையன் காளிராஜ். மேட்டில் மூச்சு முட்டி, உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தபோதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. அவன் உட்காரவில்லை. இந்த மனிதரைப் போல ஒருநாள் ஆகிவிட வேண்டும் என்பதைவிடப் பெரிய ஆசை எதுவும் அந்த ஆறு மாதத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

உஸ்தாத்தின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு. எல்லையில் குண்டு உரசிப் போனது என்றான் ஒருவன். பதுங்குகுழிச் சண்டையில் கத்தி பட்டது என்றான் இன்னொருவன். ஆளுக்கொரு கதை சொன்னார்களே தவிர, அவரிடம் கேட்க ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை.

பயிற்சி முடிகிற வாரம் வந்தது. சனிக்கிழமை கொடிக்கு முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறவனை யாரும் பிடித்து வைப்பதில்லை. சத்தியம் செய்துவிட்டால் கதை வேறு. எங்கே போ என்கிறார்களோ அங்கே போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேச ஐந்து நிமிஷம் போன் கொடுப்பார்கள். காளிராஜுக்கு வீடு என்றால் அக்கா மாரிக்கனி. சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில் வேலை. அந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ்தான். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, தம்பியைக் கணிதத்தில் பி.எஸ்சி. முடிக்க வைத்தவள் அவள்தான்.

"சனிக்கெழம சத்தியம் பண்ணப் போறியாமே?" என்றாள்.

"ஆமாக்கா."

"பண்ணிட்டா நெனச்ச நேரத்துக்குத் திரும்பி வர முடியாதாமே?"

"முடியாதுக்கா."

"அப்ப எனக்கு ஒண்ணு கேட்டுச் சொல்லு. புதுசாச் சேந்த பிள்ளைகள்ல நூத்துக்கு எத்தன பேர சண்டைக்கு அனுப்புவாக?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாகக்கா."

"நீ கணக்குப் படிச்சவன்தான? கண்டுபிடி. சனிக்கெழம காலையில நான் வந்துருவேன். எனக்கு ஒரு நம்பர் சொல்லணும். சொல்லலன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

"அக்கா..."

"எனக்கு நீ ஒருத்தன்தாம்டா இருக்க."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அவனை விடவில்லை. அவனுக்குப் போக மனசில்லை. ஆனால் அக்கா வந்து நின்று 'வாடா' என்றால் வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

ஆகவே கணக்கில் இறங்கினான்.

சமையற்கூடத்தை அங்கே லங்கர் என்பார்கள். லங்கரில் கரண்டி பிடிக்கிற முனியாண்டி, ஒரு காலைச் சற்றுச் சாய்த்து நடப்பவர், பூரியைத் தட்டில் வைத்தபடி சொன்னார்: "ஒண்ணும் ஆகாது தம்பி. சாப்பிடு."

முடிவெட்டுகிறவரிடம் கேட்டான். "அம்புட்டுப் பேரும் போயாகணும். பனியிலதான் கெடக்கணும். தலையக் குனி" என்றார்.

அலுவலக எழுத்தர், தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்றார். சற்று யோசித்துவிட்டு, தெரியவும் தெரியாது என்றார்.

ஒருவர் பூஜ்யம் என்கிறார், ஒருவர் நூறு என்கிறார், ஒருவர் கையை விரிக்கிறார். இதிலிருந்து விடை கண்டுபிடிக்க ஒரு பட்டதாரியால்தான் முடியும். காளிராஜ் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினான். எந்த வருஷம் சண்டை, எந்த வருஷம் அமைதி, எத்தனை படைப்பிரிவு, ஒரு பிரிவுக்கு எத்தனை பேர் என்று குட்டி நோட்டு ஒன்றில் பக்கம் பக்கமாக எழுதினான். பெருக்கினான், வகுத்தான். கடைசியில் ஒரு விடை வந்தது. நூற்றுக்கு ஏழே கால். அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவனாலும் விளக்கியிருக்க முடியாது. ஆனால் வெறும் ஏழைவிட ஏழே காலில் ஒரு கௌரவம் இருந்தது.

நோட்டை எங்கே வைப்பது? பெட்டியில் வைத்தால் பையன்கள் எடுத்துப் பார்த்துச் சிரிப்பார்கள். சீருடையின் வலது தொடைப் பை அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அந்தப் பையில் ஏற்கெனவே பட்டி இருந்தது. காயத்தில் வைத்துக் கட்டுகிற பஞ்சும் துணியும் அடைத்த சின்னப் பொட்டலம். ஆளுக்கு ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நோட்டை உள்ளே வைத்துக்கொண்டான். நாலு நாளைக்குத்தானே என்று நினைத்தான்.

விடை கிடைத்தும் மனசு ஆறவில்லை. உஸ்தாத் ஒரு தடவை தலையாட்டிவிட்டால் போதும் என்று பட்டது. புதன்கிழமை மதியம், துப்பாக்கிக் குழாய்க்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்த உஸ்தாத்திடம் கேட்டேவிட்டான்.

"உஸ்தாத், எங்கள்ல நூத்துக்கு எத்தன பேர் சண்டைக்குப் போவோம்?"

உஸ்தாத் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே, அவன் தொடைப் பையைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்லுதேன் மக்களே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் ஊரில் ஒற்றைப் பையனைக் கூப்பிடுவதும் மக்களே என்றுதான்.

வியாழக்கிழமை காலையில் நாற்பது பையன்களையும் மைதானத்தில் வட்டமாக உட்கார வைத்தார். காயக்கட்டுப் பாடம். அதை அவர்கள் முன்பே பத்துத் தடவை படித்திருந்தார்கள்.

"பக்கத்துல ஒருத்தன் அடிபட்டுக் கெடக்கான். யாரு பட்டிய எடுத்துக் கட்டணும்?"

"அடிபட்டவன் பட்டிய, உஸ்தாத்!" என்றன நாற்பது குரல்கள்.

"உன் பட்டிய ஏன் எடுக்கக்கூடாது?"

"அது எனக்கு, உஸ்தாத்!"

"எந்தப் பையில இருக்கணும்?"

"வலது தொடைப் பை, உஸ்தாத்!"

"ஏன் எல்லாருக்கும் ஒரே பை?"

இதற்கு ஒருவன் எழுந்து சொன்னான். "தேடக்கூடாது உஸ்தாத். கண்ணு தெரியாட்டியும் கை அங்க போகணும்."

"சரியாக்கும். உன் பையில இருக்கது உனக்குள்ளது. ஆனா அத எடுக்கப் போறது உன் கை இல்ல. மறக்காத." உஸ்தாத் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "காளிராஜ், வந்து படு. தொடையில குண்டு பட்டாச்சு. நரசிம்முலு, நீ கட்டு. மூணு நிமிஷம்."

நரசிம்முலு காளிராஜின் ஜோடி. பயிற்சியில் ஆளை ஆளோடு இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுவார்கள். சாப்பாடு, ஓட்டம், தண்டனை எல்லாம் ஒன்றாகத்தான். ஆந்திர எல்லையில் இருக்கிற குப்பம் என்கிற ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு, வாயில் பாதித் தமிழ். நல்ல பலசாலி. காளிராஜை ஒருநாள் மேடு முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடியவன்.

காளிராஜ் படுத்தான். வானம் தெரிந்தது. அப்போதுதான் பையில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது. எழுந்திருக்க முடியுமா? குண்டு பட்டவன் எப்படி எழுந்திருப்பான்?

நரசிம்முலுவின் கை நேராகப் பைக்குப் போனது. நோட்டோடு வெளியே வந்தது.

"புஸ்தகம்தான் இருக்குது உஸ்தாத்."

"என்ன புஸ்தகம்? கடைசிப் பக்கத்தப் படி."

"நூத்துக்கு... ஏழே கால்."

"காளிராஜ், அது என்ன?"

படுத்தபடியே சொன்னான். "நாங்க சண்டைக்குப் போறதுக்கான வாய்ப்பு, உஸ்தாத்."

பையன்கள் குபீரென்று சிரித்தார்கள். உஸ்தாத் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் மைதானம் அடங்கிப் போனது.

"கட்டு" என்றார்.

நரசிம்முலுவுக்குப் புரியவில்லை. "எத உஸ்தாத்?"

"இருக்கதத்தான கட்ட முடியும். நோட்ட வச்சுக் கட்டு."

பாவம், அவன் நோட்டைக் காளிராஜின் தொடைமேல் வைத்தான். கட்டக் கயிறு இல்லை. தன் பூட்ஸ் கயிற்றை உருவி அதைச் சுற்றிக் கட்டினான். நோட்டு வழுக்கி வழுக்கி விழுந்தது. உஸ்தாத் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் ஆச்சு. ரத்தம் போகுது."

"நிக்கல உஸ்தாத்."

"ஒன்றரை."

"உஸ்தாத், இவன் செத்துப் போவான்."

"போவான்."

நரசிம்முலு ஒரு கணம் உஸ்தாத்தைப் பார்த்தான். அடுத்த கணம் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் பையிலிருந்து தன் பட்டியை எடுத்தான். உறையைப் பல்லால் கிழித்தான். வெள்ளைத் துணியை விரித்து, காளிராஜின் தொடையில் அழுத்தி வைத்து, இறுக்கிக் கட்டினான். பயிற்சி என்பதையே அவன் மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பயிற்சியில் யாரும் தன் பட்டியைப் பிரிப்பதில்லை. பிரித்தால் தண்டனை என்பது நாற்பது பேருக்கும் தெரியும்.

"ரெண்டே முக்கால்" என்றார் உஸ்தாத். "கட்டு நல்லாருக்கு. இப்ப உனக்குத் தொடையில பட்டா உன்ன யாரு என்னத்த வச்சுக் கட்டுவா?"

நரசிம்முலு கிழிந்து கிடந்த உறையைக் குனிந்து பொறுக்கினான்.

"துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கு. மூணு சுத்து."

தண்டனை காளிராஜுக்கு இல்லை. அவன் எழுந்து நின்று, நானும் ஓடுகிறேன் உஸ்தாத் என்றான். "நீ அடிபட்டவன். படு" என்றார் அவர். அவன் படுத்தான். தலையைத் திருப்பினால் ஒரு பூட்ஸில் கயிறு இல்லாமல் ஓடுகிற நரசிம்முலு தெரிந்தான். அவனுக்குப் பின்னால் உஸ்தாத்தும் ஓடினார், அவரும் தன் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. மூன்று சுற்றும் முடிகிறவரை காளிராஜ் வெள்ளைக் கட்டோடு புல்லில் கிடந்தான். அவமானத்தில் அவனுக்குக் காது எரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், துப்பாக்கிகளை எண்ணி அடுக்கிய பிறகு, உஸ்தாத் அவனை மட்டும் நிறுத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்குப் போற தாளாக்கும். என் கையெழுத்துப் போட்டாச்சு. உன்னுது மட்டும்தான் பாக்கி. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள குடுக்கலாம். ஒருத்தனும் உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டான். சொன்னா நான் பாத்துக்கிடுதேன்."

"என்னப் போகச் சொல்றீகளா உஸ்தாத்?"

"போகவும் சொல்லல்ல, நிக்கவும் சொல்லல்ல. போக வழி இருக்கும்போது நிக்கதுதான் மக்களே நிக்கது."

தாளை வாங்கிக்கொண்டான். இனி இழப்பதற்கு என்ன இருக்கிறது என்ற துணிச்சலில், ஆறு மாதமாக ஒருவனும் கேட்காததைக் கேட்டான்.

"நீங்க எத்தன சண்டையில இருந்தீக உஸ்தாத்?"

"ஒண்ணுலயும் இல்ல."

காளிராஜ் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்த்தான்.

"பத்தொம்பது வருஷமாச்சு" என்றார் உஸ்தாத். "மூணு தடவ ரயில்ல ஏத்தினாங்க. மூணு தடவையும் பாதி வழியில எறக்கித் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப அந்தத் தழும்பு?"

"இதா? பன்னெண்டு வயசுல அப்பாகூட ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனேன். கத்தி வழுக்கிட்டு."

எல்லைக் குண்டும் பதுங்குகுழிக் கத்தியும் ஒரு நொடியில் காணாமல் போயின. காளிராஜுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். சண்டையே பார்க்காதவரிடமா ஆறு மாதம் சண்டை கற்றோம் என்றுகூட நினைத்தான்.

உஸ்தாத் தன் தொடைப் பையிலிருந்து பட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். பொட்டலத்தின் ஓரமெல்லாம் துணியில் உரசி உரசி வெளிறியிருந்தது.

"இது அஞ்சாவது. உறையில போட்டிருக்க தேதி முடிஞ்சா மாத்தணும். முன்ன இருந்த நாலையும் பிரிக்காமலே ஸ்டோர்ல திருப்பிக் குடுத்தாச்சு."

"அப்ப அந்த நாலும் வீண்தான உஸ்தாத்?"

"வீண்தான். இதுவும் வீணாப் போகணும்னு ஞாயித்துக்கெழமதோறும் கோயில்ல முட்டுகுத்தி ஜெபிக்கேன்."

காளிராஜ் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தவன் பட்டி ஒண்ணு பிரிச்சிருக்கேன்" என்றார் உஸ்தாத். "சண்டையில இல்ல. வடக்க ஒரு மல ரோட்டுல எங்க வண்டி உருண்டுட்டு. பக்கத்துல இருந்தவனுக்குத் தொட கிழிஞ்சு போச்சு. ஒரே பொக, ஒண்ணும் தெரியல்ல. கை தானா அவன் பைக்குப் போச்சு. பட்டி இருந்துது."

"பொழச்சாரா?"

"காலையில உனக்குப் பூரி வச்சது யாரு? முனியாண்டிதான?"

பத்தொன்பது வருஷம். தினமும் விடிவதற்கு முன் எழுந்து, கடைசிப் பையனுக்குப் பின்னால் ஓடி, ஒரு பொட்டலத்தை அதே பையில் வைத்து, ஒரு நாளுக்காகத் தயாராக இருந்து, அந்த நாள் வரவே கூடாது என்று மண்டியிட்டு வேண்டுகிறவர் இவர். குண்டுத் தழும்போடு நின்றிருந்தால்கூட அவன் கண்ணுக்கு இவ்வளவு பெரியவராகத் தெரிந்திருக்க மாட்டார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சீருடையில் அதைச் செய்யக்கூடாது என்பதால் விறைப்பாக நின்றான்.

"நாளைக்கு அக்கா வருது உஸ்தாத். நம்பர் சொல்லலன்னா கூட்டிட்டுப் போயிரும். அது சொன்னா என்னால தட்ட முடியாது."

"தட்டவும் கூடாது" என்றார் உஸ்தாத். "எங்கிட்டக் கூட்டிட்டு வா."

சனிக்கிழமை காலை மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் குளிரில் சேலையையும் துண்டையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரிக்கனி உட்காரவில்லை. ஒரு கையில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. விரல் நகங்களில் என்ன தேய்த்தாலும் போகாத மருந்துக் கறை. தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். இளைத்துவிட்டாயே என்றுகூடச் சொல்லவில்லை.

"நம்பர் என்ன?"

"உஸ்தாத் உன்னப் பாக்கணுங்காகக்கா."

அவர் நின்ற இடத்துக்கு அவளே முன்னால் நடந்தாள்.

"நீங்கதான் இவன் உஸ்தாத்தா?"

"ஆமா தங்கச்சி."

"நூத்துக்கு எத்தன பேர் சண்டைக்குப் போவாக?"

"தெரியாது."

மாரிக்கனிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எம்புட்டு வருசமா பட்டாளத்துல இருக்கீக?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது வருசமா இருந்துட்டுத் தெரியாதுங்கீக. இதக் கேக்கவா நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்?"

"ஏழே கால்னு உங்க தம்பி ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கான். அதச் சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா அது பொய்யாக்கும். ஒருத்தனும் போகாமலும் இருக்கலாம். அத்தன பேரும் போகவும் வரலாம். பொய்யச் சொல்லி உங்கள அனுப்ப எனக்கு மனசில்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏமாற்றுக்காரன் இல்லை என்று தெரிந்தது. அதனால் பயம் குறைந்துவிடவில்லை.

"குடுடா அந்தத் தாள" என்று தம்பியிடம் கையை நீட்டினாள். "கையெழுத்தப் போடு. பொறப்படு. தெரியாதுங்கவர நம்பி ஒன்ன விட்டுட்டுப் போக முடியாது."

காளிராஜ் தாளை வெளியே எடுத்தான். பேனாவையும் எடுத்தான். கண் கலங்கிவிட்டது.

மைதானத்தில் பையன்கள் வரிசை சேர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் நரசிம்முலு நின்றான். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. பின்னாலிருந்த ஒருவன் அதில் நகர்ந்து நிற்கப் பார்த்தான். நரசிம்முலு தோளைக் கொடுத்து அவனை மறித்துவிட்டான்.

உஸ்தாத் அதைப் பார்த்தார். பிறகு மாரிக்கனியின் விரல்களைப் பார்த்தார்.

"மருந்து ரூம்புலயா தங்கச்சி வேல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"உள்ள போகதுக்கு முன்ன என்னெல்லாம் பாப்பீங்க?"

இந்த நேரத்தில் இதென்ன விசாரணை என்றுதான் அவள் முகம் சொன்னது. ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் அவளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நன்றாக வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

"செருப்ப வெளிய கழட்டணும். கையில இருக்க கரண்டு எறங்க, வாசல்ல இருக்க செம்புத் தகட்டுல கைய வைக்கணும். ஒடம்புல நூல் சேலதான் இருக்கணும். நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. ரூம்புக்கு எல்லாப் பக்கமும் வாசல். எந்த நடையிலயும் ஒரு பொருள் இருக்கக் கூடாது. அடச்ச புஸ்வாணத்தத் தூக்கிட்டுப் போறவ கூடைய நடையில வச்சிட்டுப் போயிருவா. நான்தான் எந்திரிச்சுப் போயி நகத்துவேன்."

"தினமுமா?"

"ஒரு நாளைக்கு இருவது தடவ நகத்துவேன். என்னயப் பைத்தியம்பாளுக. பன்னெண்டு வருசமா நகத்துதேன்."

"இந்தப் பன்னெண்டு வருஷத்துல உங்க ரூம்பு எத்தன தடவ வெடிச்சிருக்கு?"

"வாயக் கழுவுங்க!" என்றாள் மாரிக்கனி. "ஒரு தடவகூட இல்ல."

"பொறவு எதுக்குக் கூடைய நகத்துதீங்க?"

"நல்லாக் கேட்டீக. பக்கத்துல செல்வி உக்காந்திருக்கால்ல? ரெண்டு பிள்ளக்காரி. நடையில கூட கெடந்தா அவ எப்பிடி ஓடுவா?"

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் அந்த ரூமுக்குள் போய் உட்காருகிறவளிடம் யாரும் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டதில்லை. தம்பியும் கேட்டதில்லை. காளிராஜ் அக்காவின் நகங்களைப் பார்த்தான். அவனுக்கு இரண்டு பேரை ஒரே நேரத்தில் வணங்க வேண்டியிருந்தது.

உஸ்தாத் மைதானத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"இவனுக்குப் பக்கத்துலயும் ஒருத்தன் நிக்கான் தங்கச்சி."

மாரிக்கனி அந்தத் திசையில் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய பையனையும், அவன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு தம்பியின் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள்.

காளிராஜ் தாளையும் அவளிடமே கொடுத்தான். வரிசையைப் பார்த்து ஓடினான்.